ஷோனா வாக்கியம் ஒட்டவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யலாம்

ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியைக் கற்கும் தமிழர்கள் செய்யும் தப்புகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நடக்கின்றன: பெயர்ச்சொல்லும் அதைச் சார்ந்து வரும் சொற்களும் சேரும் இடத்தில். முதலில் என் வாக்கியங்களைத் திருத்திக்கொண்டேன். அப்புறம் ஹராரேக்கு வேலைக்கு வந்த நண்பர்களின் வாக்கியங்கள் வர ஆரம்பித்தன. பார்த்தால் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுப் பழுதுகள். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஷோனா ரோமன் எழுத்தில் எழுதப்படும் மொழி. இங்கே சொல்லின் நடுவில் க்க, ட்ட, ப்ப என்று இரட்டித்திருந்தால் அது வல்லோசைக்கு அடையாளம் மட்டுமே, அழுத்திச் சொல்வதற்கு அல்ல. "உவ" என்பதை உதட்டைக் குவித்து ஒரே அசையாகச் சொல்ல வேண்டும். வெறும் "வ" நம்முடைய வ-தான். சொல்லின் முதலில் வரும் ச, சி இரண்டும் "பச்சை"யில் கேட்கும் ச்ச ஒலி. "ஸ்வ" ஒரு விசில் கலந்த ஒலி. அது வருவதற்கு ஒரு மாதம் ஆகும், கவலைப்பட வேண்டாம்.

## முதலில் கையில் எடுக்க வேண்டிய கருவி

எந்தப் பழுதையும் தொடுவதற்கு முன் ஒரு சோதனை வாக்கியம் வேண்டும். என்னுடையது சமையலறையில் கிடைத்தது. குப்பேரா என்றால் தீர்ந்துபோவது. ஷோனா பேசும் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது காதில் விழும்.

ஸாட்ஸா ரப்பேரா. (சோளமாவுக் களி தீர்ந்துவிட்டது.)
சிங்வா சப்பேரா. (ரொட்டி)
முன்யு உவப்பேரா. (உப்பு)
ம்வுரா யப்பேரா. (தண்ணீர்)
மஃபூட்டா அப்பேரா. (எண்ணெய்)
உப்ஃபு ஹ்வப்பேரா. (மாவு)

தமிழில் ஆறுக்கும் ஒரே "தீர்ந்துவிட்டது". ஷோனாவில் ஆறும் வேறு. ஒரே ஒட்டை எடுக்கும் பெயர்களின் கூட்டத்தை வகுப்பு என்பார்கள். ஒரு பெயர் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதை "ப்பேரா"வின் முன் ஒட்டிய எழுத்தே சொல்லிவிடுகிறது.

இந்தக் கருவிக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. முன்னால் ஒட்டியதைக் கழற்றி "ங்கு"வோடு சேர்த்தால் "என்னுடைய" கிடைத்துவிடும்: ஸாட்ஸா ரங்கு, சிங்வா சங்கு, முன்யு உவங்கு, ம்வுரா யங்கு, மஃபூட்டா அங்கு, உப்ஃபு ஹ்வங்கு. சங்கு, அங்கு எல்லாம் ஏற்கெனவே நம் சொற்கள் என்பதால் மனப்பாடம் சுலபம். பழக்கமாக நடக்கும் காரியத்தைச் சொல்ல ரினோ, சினோ, உனோ, இனோ, அனோ, ஹுனோ என்று வரும். ர இருந்த இடத்தில் ரி, ச இருந்த இடத்தில் சி, ய இருந்த இடத்தில் இ. மூன்றும் ஒரே கயிறு.

புதுப் பெயர்ச்சொல் ஒன்றை நோட்டில் எழுதும்போது பொருளை மட்டும் எழுதாமல் பக்கத்தில் "ரப்பேரா", "சப்பேரா" என்று வாலையும் எழுதிவிடுங்கள். வகுப்பு எண்ணைவிட இது காதில் நிற்கும்.

## அறிகுறி: எல்லாவற்றுக்கும் "அ" போடுகிறீர்கள், கேட்பவர் சிரிக்கிறார்

என் முதல் பழுது இதுதான். முரிவோ அப்பேரா என்றேன். முரிவோ என்பது களிக்குத் தொட்டுக்கொள்ளும் கீரை. அந்த வீட்டுப் பிள்ளைகள் சிரித்ததைப் பார்த்துத்தான் கீரையை ஆளாக்கிவிட்டேன் என்று தெரிந்தது.

எளிய காரணம்: முதல் பாடத்தில் கற்ற "அவுயா" நாக்கில் ஒட்டிக்கொண்டது. வந்தான், வந்தாள் இரண்டுக்கும் ஷோனாவில் ஒரே அவுயாதான். ஆண்பால் பெண்பால் பிரிவு கிடையாது. அந்த நிம்மதியில் அதையே எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம். ஆனால் அந்த "அ" ஆளுக்கு மட்டும். மஃபூட்டா போன்ற ம-பெயர்களுக்கும் "அ" வரும், ஆனால் அது வேறு "அ".

சரிபார்ப்பு: இது ஒரு மனிதரா? இல்லையென்றால் "அ"வை எடுத்துவிட்டுப் பெயரின் முதலெழுத்தைப் பாருங்கள். சி-யில் தொடங்கினால் ச. அதன் பன்மை ஸ்வி-யில் தொடங்கும், அதற்கு ஸ்வ. ரு-வில் தொடங்கினால் ர்வ. மு-வில் தொடங்கினால் அடுத்த பகுதிக்குப் போங்கள். தொடக்கத்தில் எதுவுமே தெரியவில்லை என்றால் அதற்கடுத்த பகுதி.

## அறிகுறி: மு-வில் தொடங்கும் சொல்லில் பாதி நேரம் சரி, பாதி நேரம் தப்பு

மு-வில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. முஸிக்கானா என்றால் பெண்பிள்ளை. முஸிக்கா என்றால் சந்தை. ஹராரேயின் பெரிய சந்தையான ம்பாரே முஸிக்காவின் பெயரில் இருப்பதும் அதுதான். ஒரு "னா"தான் வித்தியாசம். முஸிக்கானா அக்குரா, பெண் வளர்ந்துவிட்டாள். முஸிக்கா உவக்குரா, சந்தை வளர்ந்துவிட்டது.

சரிபார்ப்பு: பன்மை என்ன? முன்ஹு (மனிதர்) வன்ஹு ஆகிறது. முஷா (ஊர்வீடு) மிஷா ஆகிறது. வ வந்தால் ஆள், மி வந்தால் பொருள். நம் உயர்திணை அஃறிணைக் கோடு கிட்டத்தட்ட இங்கேயே விழுவதால் பத்துக்கு ஒன்பது தடவை பன்மையைத் தேடாமலே சொல்லிவிடலாம். உப்பு, பால், கீரை மாதிரி எண்ண முடியாதவை எல்லாம் பொருள் பக்கம்.

தகராறு வரும் இடம் முட்ஸிமு, அதாவது முன்னோரின் ஆவி. மிட்ஸிமு என்றும் கேட்கலாம், வட்ஸிமு என்றும் கேட்கலாம். செத்துப்போன தாத்தா ஆளா, சக்தியா என்ற கேள்விக்கு மொழி இரண்டு பதிலையும் வைத்திருக்கிறது. இதில் திருத்த எதுவும் இல்லை.

## அறிகுறி: சொல்லுக்கு முன்னொட்டே தெரியவில்லை, எதைப் போடுவது?

அதிகமாகத் திருத்திய இடம் இதுதான். புக்கு (புத்தகம்), ஸுவா (சூரியன், நாள்), மோம்பே (மாடு), மோட்டா (கார்), பாபா (அப்பா) எல்லாம் மொட்டையாகத்தான் நிற்கின்றன. பெரும்பாலும் போட்டி ர-வுக்கும் ய-வுக்கும்தான்.

### முதல் சோதனை: பன்மையில் ம- முளைக்கிறதா?

புக்கு, மபுக்கு. ஸுவா, மஸுவா. ஸாய் (முட்டை), மஸாய். ம- வந்தால் ஒருமைக்கு ர, பன்மைக்கு அ: புக்கு ரங்கு, மபுக்கு அங்கு. அகராதியில் இவற்றின் வகுப்பு எண்கள் 5, 6.

### இரண்டாவது: பன்மையிலும் சொல் அப்படியே இருக்கிறதா?

மோம்பே ஒன்றானாலும் பத்தானாலும் மோம்பேதான். ஒருமைக்கு ய, பன்மைக்கு ட்ஸ. மோம்பே இனோட்யா என்றால் ஒரு மாடு மேய்கிறது, மோம்பே ட்ஸினோட்யா என்றால் பல. பெயரில் எண் இல்லை, ஒட்டில் மட்டும் இருக்கிறது. அகராதி எண்கள் 9, 10. விலங்குகள் நிறையப் பேர் இங்கே குடியிருக்கிறார்கள்: இம்ப்வா (நாய்), ன்யோக்கா (பாம்பு), ஷும்பா (சிங்கம்). ம்ப, ன்ய, ன்ஸ என்று மூக்கொலியில் தொடங்கினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

### மூன்றாவது: கடன் வாங்கிய சொல்லா?

ஆங்கிலத்தில் ஸ்டோர், ஸ்கூல் என்று இருந்தவை சிட்டோரோ, சிக்கோரோ ஆகி, சி- இருக்கிறதே என்று சி-வகுப்பில் சேர்ந்துகொண்டன. பன்மை ஸ்விட்டோரோ, ஸ்விக்கோரோ. சைக்கிள் பஸிக்கோரோ, அது ரங்கு. கார் யங்கு, போன் யங்கு. ஆனால் போனின் பன்மையில் ம- முளைத்து மஃபோனி ஆகிவிடும், முதல் சோதனை இங்கே ஏமாற்றும். கடன்சொல்லில் ஒருமையையும் பன்மையையும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதே வழி.

### நான்காவது: ஆள்தான், ஆனால் அ ஒட்டவில்லை

ஷம்வாரி என்றால் நண்பர். ஷம்வாரி உவங்கு என்று ஆள் கணக்கில் சொல்வோம். சரியானது ஷம்வாரி யங்கு, பன்மை ஷம்வாரி ட்ஸங்கு. மாட்டோடு ஒரே வகுப்பில் நண்பரும் இருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார். மாறாக, ஒரு மனிதருக்கு நீங்களாக ரி-வைப் போட்டுப் பார்க்க வேண்டாம். பென்ஸி (கிறுக்கன்) மாதிரிச் சொற்கள் அங்கேதான் இருக்கின்றன. முருமே (ஆண்) என்பதில் மு-வை வெட்டி ருமே என்று ரி-வகுப்புக்குத் தள்ளினாலே "தடியன்" என்ற தொனி வந்துவிடும்.

## அறிகுறி: ஒருமை தெரியும், பன்மை காதில் விழுந்தால் வேறு சொல் மாதிரி இருக்கிறது

5-ஆம் வகுப்பின் வேலை. கூடோ (ஒருவகைக் குரங்கு) மக்கூடோ ஆகிறது. முதலில் இருப்பது "தங்கம்" என்பதில் கேட்கும் மெல்லிய க. பன்மையில் "கண்" என்பதில் கேட்கும் வல்லிய க. அதேபோல் கத்தி ஒருமையில் "கம்பு"வின் ப-வோடு பங்கா, பன்மையில் "பல்"லின் ப-வோடு மப்பங்கா. டொம்போ (கல்) மட்டொம்போ. கோரே (வருடம்) மக்கோரே. கூமி (பத்து) மக்கூமி. இருபது மக்கூமி மவிரி, அதாவது இரண்டு பத்துகள்.

தமிழருக்கு இது ஏன் குறிப்பாகச் சிக்குகிறது என்றால், நம் வாய்ப்பழக்கம் இதற்கு நேர் எதிர். நமக்குச் சொல்லின் முதலில் வல்லோசை, நடுவில் மெலியும். காகம் என்று சொல்லிப் பாருங்கள். ஷோனாவின் இந்த வகுப்பில் முதலில் மெலிந்திருப்பது நடுவில் வலிக்கிறது. நாம் சும்மா சொன்னால் ஒருமையும் பன்மையும் தலைகீழாகிவிடும்.

சரிபார்ப்பு: ரோமன் எழுத்தில் ப, ட ஒலிகளுக்குரிய எழுத்துக்குப் பக்கத்தில் ஹ-வுக்குரிய எழுத்து ஒட்டியிருக்கிறதா? புக்கு, டோரா (டாலர்), டோங்கி (கழுதை) அப்படித்தான் எழுதப்படுகின்றன. அவை மாறாது: மபுக்கு, மடோரா, மடோங்கி. ஹ இல்லையென்றால் மாறும் என்று வைத்துக்கொண்டு அகராதியைப் பாருங்கள்.

## அறிகுறி: வினை சரி, பெயருக்குப் பின்னால் வருவதெல்லாம் தப்பு

நல்ல மனிதர், நல்ல வீடு, நல்ல நாய். நம் "நல்ல" எதற்கும் அசையாது. "என்" அசையாது, "பெரிய" அசையாது. அதனால் தமிழர் வினையை மெனக்கெட்டுச் சரிசெய்துவிட்டு இங்கே கோட்டை விடுகிறார். ஷோனாவில் இவையெல்லாம் பெயருக்குப் பின்னால் வரும், ஒவ்வொன்றும் மாறும்.

"என்" தப்பினால்: மேலே சொன்ன ங்கு-கயிறு போதும். ஒரே விதிவிலக்கு ஆள்: ம்வானா அவுயா (பிள்ளை வந்துவிட்டது), ஆனால் ம்வானா உவங்கு. வினையில் அ, உடைமையில் உவ.

"நல்ல" தப்பினால்: அது ஷோனாவில் வினை, நக்கா. ஆகவே வினையைப் போலவே ஒட்டுங்கள். முன்ஹு அக்கனக்கா, புக்கு ரக்கனக்கா, இம்பா யக்கனக்கா (இம்பா என்றால் வீடு), சிங்வா சக்கனக்கா.

"பெரிய" தப்பினால்: இது உண்மையான பெயரடை, இங்கே வினையின் ஒட்டு வேலைக்கு ஆகாது, பெயரின் முன்னொட்டே திரும்பி வரும். முன்ஹு முக்குரு, வன்ஹு வக்குரு, முஷா முக்குரு, மிஷா மிக்குரு, சிகாரோ சிக்குரு (பெரிய நாற்காலி). சிக்கல் மொட்டைப் பெயர்களில்தான்: புக்கு குரு (மெலிந்த க), இம்பா ஹுரு. கறுப்பும் அப்படியே: சிட்டெமா, ஆனால் புக்கு டெமா, இம்ப்வா ன்ஹெமா. இந்த இரண்டு பெயரடைகளையும் இரண்டு மொட்டை வகுப்புகளோடு சேர்த்து உரக்கச் சொல்லிப் பழகினால் மற்றவை தானாக வழிக்கு வரும். 2001-இல் வந்த ஷோனா பேரகராதியின் பெயரையே துணைக்கு வைத்துக்கொள்ளலாம்: டுராமஸ்வி குரு ரெசிஷோனா. டுரா என்றால் தானியக் குதிர், மஸ்வி என்றால் சொற்கள். நம் சொற்களஞ்சியம் என்பதே அச்சாக. டுரா 5-ஆம் வகுப்பு (பன்மை மட்டுரா), அதனால் ஹுரு இல்லை, முக்குரு இல்லை, குரு. அப்புறம் அதே ரி-யிலிருந்து வந்த ரெ.

எண் தப்பினால்: வன்ஹு வவிரி, மிஷா மிவிரி, மபுக்கு மவிரி, ஸ்விகாரோ ஸ்விவிரி. மாட்டு வகுப்பில் மட்டும் மோம்பே ம்பிரி. பத்துக்கு எதுவும் ஒட்ட வேண்டாம்: வன்ஹு கூமி.

## அறிகுறி: "அவரைப் பார்த்தேன்" என்கிறீர்கள், "எவரை?" என்று கேட்கிறார்கள்

ண்டமுவோனா என்றால் அவனை, அவளைப் பார்த்தேன். புத்தகத்தைப் பார்த்ததற்கும் அதையே சொன்னால் கேட்பவர் ஆளைத் தேடுவார். நடுவில் இருக்கும் மு-வை மாற்றுங்கள்: புத்தகம் என்றால் ரி, நாற்காலி என்றால் சி, நாய் என்றால் இ. ண்டரிவோனா, ண்டசிவோனா, ண்டயிவோனா.

## அறிகுறி: இலக்கணம் சரி, ஆனால் முகம் சுளிக்கிறார்கள்

பாபா அவுயா. ஒருமைப் பெயர், ஒருமை ஒட்டு, கணக்கு சரி. ஆனால் அப்பாவை "வந்தான்" என்று சொல்லிவிட்டீர்கள். பாபா வவுயா என்று பன்மை வ போட வேண்டும். நம் வீடுகளில் அப்பா வந்தாங்க என்பது மாதிரியே. பாபா வங்கு, அமாய் வங்கு (அம்மா), டெட்டே வங்கு. டெட்டே என்பவர் அப்பாவின் சகோதரி, நம் அத்தை. ஸெக்குரு என்பவர் தாத்தாவாகவும் இருக்கலாம், தாய்மாமனாகவும் இருக்கலாம், அவருக்கும் வங்குதான். பெரியவர் யாராக இருந்தாலும் சந்தேகம் வந்தால் வ போடுங்கள். அதிக மரியாதையால் யாரும் முகம் சுளித்ததில்லை.

## அறிகுறி: வீடு சரி, வீட்டுக்குள் தப்பு

இம்பா யங்கு இனோட்டோன்ஹோரா: என் வீடு குளிர்கிறது. "வீட்டுக்குள்" என்று சொல்ல மு- சேர்த்தால் மும்பா. இப்போது பழைய ய, இ போட்டால் தட்டும். இடமே ஒரு வகுப்பாகிவிட்டது: மும்பா மங்கு, மும்பா முனோட்டோன்ஹோரா. இருக்குமிடமாகச் சொன்னால் பம்பா பங்கு, போகுமிடமாகச் சொன்னால் கும்பா க்வங்கு. தமிழில் இதை வேற்றுமை உருபு என்று கடந்துவிடுவதால் வினையும் சேர்ந்து மாறும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. சரிபார்க்கும்போது பெயரின் அடிச்சொல்லைப் பார்க்காதீர்கள், வெளியே ஒட்டிய கடைசி முன்னொட்டைப் பாருங்கள். சின்னதாக்கும் க-வுக்கும் இதே கதை: கம்வானா க்கங்கு, என் குட்டிப் பிள்ளை.

## அறிகுறி: இரண்டு பெயர் சேர்ந்து வருகின்றன, எதற்கு ஒட்டுவது?

இருவரும் மனிதர் என்றால் வ: பாபா நமாய் வவுயா. இரண்டும் பொருள், அதுவும் வேறுவேறு வகுப்பு என்றால் ஸ்வ: பங்கா நெசிகாரோ ஸ்வட்யோக்கா, கத்தியும் நாற்காலியும் உடைந்துவிட்டன. பெயரே இல்லாமல் பொதுவாகப் பேசும்போதும் ஸ்வ கைகொடுக்கும்; தெருவில் "சரி, நல்லது" என்பதற்குச் சொல்லும் ஸ்வக்கனக்காவில் இருப்பது அதுதான். மனிதரும் மாடும் சேர்ந்து வந்தால் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். நானும் அதைத்தான் செய்கிறேன்.

## அறிகுறி மாதிரி தெரியும், ஆனால் பழுது இல்லை

கதை கேட்கும்போது கூடோ அக்கட்டி (குரங்கு சொன்னான்) என்று வரும். ரக்கட்டி அல்லவா என்று திருத்தப் போகாதீர்கள். ங்கானோ எனப்படும் நாட்டுப்புறக் கதைகளில் முயல் ட்ஸுரோவும் குரங்கு கூடோவும் பாத்திரங்கள். அங்கே அவை பெயர் வைத்த ஆட்கள்.

## எப்போது தெரிந்தவரைக் கூப்பிடுவது

பன்மைச் சோதனையும் ப்பேரா சோதனையும் வேறு வேறு பதில் சொன்னால். கடன்சொல்லின் வகுப்பு தெரியாமல் நின்றால். ரு-வில் தொடங்கும் சொல்லின் பன்மை வேண்டுமானால். கடைசியில் சொன்னதில் ஊகம் செல்லாது: ருவோக்கோ (கை) மவோக்கோ ஆகிறது, ர்விஸி (ஆறு) ன்ஸிஸி ஆகிறது.

செலவு குறைந்த உதவி அகராதி. ஹன்னன் தொகுத்து 1959-இல் வந்த அகராதி பெயர்ச்சொற்களுக்கு வகுப்பு எண்ணைத் தருகிறது. 5 என்றால் ர, 9 என்றால் ய, 3 என்றால் உவ.

அதிலும் தீராவிட்டால் ஷோனா பேசி வளர்ந்தவரிடம் போங்கள். ஸெஸுரு, கராங்கா, மன்யிக்கா என்று வட்டாரம் மாறினால் சொல்லும் கொஞ்சம் மாறும் என்பதால், நீங்கள் யாரோடு பேசப் போகிறீர்களோ அந்தப் பக்கத்தவராக இருந்தால் நல்லது. "இது எந்த வகுப்பு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இல்" ஐந்தாம் வேற்றுமையா ஏழாம் வேற்றுமையா என்று நம்மிடம் யாராவது தெருவில் கேட்டால் எப்படி விழிப்போமோ, அப்படி விழிப்பார். பொருளைக் கையில் எடுத்துக் காட்டி, "இது தீர்ந்துபோச்சுன்னா என்ன சொல்வீங்க? ரெண்டு இருந்தா என்ன சொல்வீங்க?" என்று இரண்டே கேள்வி. பதிலை அவர் வாயிலிருந்து வந்தபடியே, வாலோடு எழுதிக்கொள்ளுங்கள்.